கப்புசாமிக்குத் தெரியாது

“வேலையில குறையே சொல்ல முடியாது மேடம். ஆனா இங்கிலீஷ்? சுத்தம்!”

மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த டைரக்டர் அம்மா யோசனையோடு பேனாவை மூடினார்.

“வெளிநாட்டுப் பிரிவுக்கு சீனியாரிட்டிப்படி அவரைத்தானே போடணும்? பாவம், ஏற்கெனவே தள்ளிப்போயிருக்குன்னு சொன்னாங்க.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா மேடம்? மத்தியானம் நீங்களே பாருங்க. சாப்பாட்டு நேரத்துல எங்க ஆபீஸ்ல ஒரு விளையாட்டு உண்டு. அதுல அவர் சாயம் வெளுத்துடும்.”

“சரி, பாத்துட்டே முடிவு பண்ணிடலாம்.”

அந்த விளையாட்டு மேனேஜர் கண்டுபிடித்தது. தினமும் யாரும் கேள்விப்படாத இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை எடுத்து விடுவார். யாரையாவது பார்த்து விரலை நீட்டி அர்த்தம் கேட்பார். யார் முதலில் ‘தெரியாது’ என்கிறாரோ, அன்றைக்கு எல்லாருடைய டீ கப்பையும் அவர் கழுவ வேண்டும். ஆட்டம் அதோடு முடிந்தது. பிறகு மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு அர்த்தத்தை அருளுவார்.

காலையில் பல் தேய்க்கும்போது செல்போன் ஆப் ஒன்றில் வருகிற வார்த்தைதான் அது. இந்த விஷயம் அவருக்கும் அவருடைய பிரஷ்ஷுக்கும் மட்டுமே தெரியும். ஆபீசில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கப்பு கழுவுவது எப்போதும் ஒரே ஆள்தான், அந்தச் சீனியர். விரல் யாரை நோக்கி நீண்டாலும் முந்திரிக்கொட்டை மாதிரி குறுக்கே விழுந்து, “எனக்குத் தெரியாது சார்!” என்பார். அதனால் ‘கப்புசாமி’ என்று பட்டம். அதைச் சூட்டியதும் மேனேஜர்தான்.

நேற்றுகூட, “போர்போரிக்மஸ்!” என்று புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண்ணிடம் விரலை நீட்டினார். வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் முடியாமல் அந்தப் பெண் விழித்தாள். அதற்குள் கப்புசாமி முந்திக்கொண்டு ‘தெரியாது’ என்றார். மேனேஜர் செருமிக்கொண்டு அருளினார்.

“வயித்துக்குள்ள கடமுடன்னு சத்தம் வருதே, அதுக்குப் பேருய்யா அது. இதுகூடத் தெரியாம எப்படி காலம் தள்றீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். கப்புசாமியும் சேர்ந்து சிரித்தார்.

இன்றைக்கு டைரக்டர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“இருங்க. இன்னைக்கு வார்த்தையை நான் சொல்றேனே,” என்றார் டைரக்டர் அம்மா உற்சாகமாக. “அல்ட்ராக்ரெபிடேரியன்!”

விரல் நேராக மேனேஜரை நோக்கி நீண்டது. “ஆபீஸ் அகராதியே சொல்லட்டும்.”

மேனேஜருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. தட்டில் இல்லாத எதையோ ஸ்பூனால் தேடினார். டைப்பிஸ்ட் பெண் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். ‘தெரியாது’ என்ற ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியாது மேடம்!”

கப்புசாமி அதற்குள் எழுந்து கப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்திருந்தார்.

சிரிப்பு கிளம்பியது. டைரக்டர் அம்மாவும் சிரித்துவிட்டு மேனேஜர் பக்கம் குனிந்தார்.

“நீங்க சொன்னது சரிதான். வெளிநாட்டுப் பிரிவு லிஸ்ட்ல இருந்து அவர் பேரை எடுத்துடறேன்.”

அந்த நேரம் பார்த்து டைரக்டர் அம்மாவுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். அர்த்தத்தை யாரும் கேட்கவில்லை.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். எழுந்து கை கழுவுமிடத்துக்குப் போனார். கப்புசாமி முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தார்.

“உங்களை யாரு நடுவுல பேசச் சொன்னது?”

“உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். நேத்து அந்தப் பொண்ணு முகம் ஆச்சே, அதே மாதிரி. நாலு பேர் நடுவுல தெரியாதுன்னு சொல்றது லேசுல வராது. எனக்குப் பழகிப்போச்சு. கப்பு கழுவினா கை என்ன தேஞ்சா போயிடும்?”

“டைரக்டர் எதுக்கு வந்திருக்காங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார். வீட்டுலகூட சொல்லிட்டுத்தான் வந்தேன். இது சும்மா விளையாட்டு, இதையெல்லாம் மனசுல வெச்சுக்க மாட்டாங்க. அதுவும் இல்லாம, நீங்க என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருப்பீங்க.”

மேனேஜரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப... நான் தினமும் சொல்ற வார்த்தையெல்லாம்?”

கப்புசாமி நெளிந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். அதே ஆப்புதான் என் போன்லயும் இருக்கு.”

நின்ற இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது மேனேஜருக்கு. வாசலில் டைரக்டர் அம்மாவின் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இப்போதே ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் தன் வண்டவாளமும் அல்லவா வெளியே வரும்? கால் நகரவில்லை.

“இன்னைக்கு அந்த அம்மா கேட்டது?” என்றார் மெல்ல. “அது உங்களுக்குத் தெரியுமா?”

“அதுவா? நீங்க லீவுல போயிருந்தப்ப வந்தது சார். ஆபீஸ் இல்லாத நாள்ல நீங்க அதைத் திறந்திருக்க மாட்டீங்க.”

கப்புசாமி கடைசிக் கப்பையும் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

“தனக்கு ஒண்ணுமே தெரியாத விஷயத்துல தீர்ப்பு சொல்றவன்னு அர்த்தம் சார்.”