ஈயம் சுமந்த கார்

“ஏனுங்க, நம்ம காருக்கு மட்டும் எதுக்குங்க இந்தப் பாரம்? ஆரு போட்ட சட்டமுங்க இது?”

தெய்வநாயகி ஈயக்கட்டியைத் தரையில் டங்கென்று வைத்தாள். அவள் கணவர் காளியண்ணன் அதை எடுத்து, இருக்கைக்கு அடியில் பொருத்தி போல்ட்டை முடுக்கினார்.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை அவர்களுடையது. அதன் ஒரு மூலையில்தான் அந்தப் பந்தயக் கார் பிறந்தது. அலுமினியத் தகடுகளைத் தட்டி வளைத்தது அவர். எடை குறைய வேண்டும் என்று உள்சட்டங்களிலெல்லாம் துளை போட்டு, கை காய்த்துப்போக ரிவிட் அடித்தது அவள். மற்றவர்கள் பழைய கார்களை வெட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்த சோழவரம் பந்தயத்தில், அந்த வெள்ளிநிறக் கார் எழுபத்தைந்திலிருந்து தொடர்ந்து மூன்று வருடம் முதலில் வந்தது. இந்த முறையும் வந்தால் சுழற்கோப்பை அவர்களுக்கே சொந்தம்.

அதற்குள் புது விதி. எந்தக் காரும் குறிப்பிட்ட எடைக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஈயம் வைத்து நிரப்ப வேண்டும். குறைந்தது இவர்கள் கார் ஒன்றுதான்.

“எல்லாம் அந்தச் சேலத்து ஞானதாஸ் பண்ணுன வேலை. வருசா வருசம் ரெண்டாவதா வந்து வயிறெரிஞ்சு கெடந்தாரு.”

“உடு நாயகி. அவரு நல்ல மனுசன்.”

“உங்களுக்குக் கோவமே வராதுங்களா?”

அவர் கண் கொல்லிமலைப் பக்கம் போயிருந்தது. மலைமேல் மேகம் மெல்ல நகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுசன் எந்த உலகத்தில் இருக்கிறார் என்று அவளுக்கு அழுகையே வந்தது.

பந்தயத்தன்று சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதை வெயிலில் தண்ணீர் போல நெளிந்தது. கொடி அசைந்தது. எப்போதும் காளியண்ணன் ஓட்டும் வெள்ளிக் கார் தனியாகப் பிரிந்து போய்விடும். கூட்டம் இரண்டாம் இடத்தைத்தான் வேடிக்கை பார்க்கும். இன்று ஞானதாஸின் சிவப்புக் கார் விடவில்லை. வளைவில் சிவப்பு முந்தியது, நேர்பாதையில் வெள்ளி. கானலுக்குள் இரண்டு மீன்கள் துரத்தி விளையாடுவது போல இருந்தது. ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. தெய்வநாயகியும் கோபத்தை மறந்து, மூச்சுவிடாமல் பார்த்தாள்.

கடைசி வளைவில் பாரம் வெள்ளிக் காரைக் கொஞ்சம் வெளியே இழுத்தது. மயிரிழையில் சிவப்புக் கார் முந்தியது.

கோப்பை கைமாறியது. காளியண்ணன் காரை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி, தூக்கத்தில் சிரிக்கும் குழந்தை போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக ஞானதாஸிடம் போனாள்.

“சந்தோசமுங்களா? சட்டம் போட்டு செயிச்சுட்டீங்க!”

ஞானதாஸ் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“நானா தங்கச்சி? ஒருத்தர் காரை மட்டும் பாரமாக்கறது ஞாயமில்லைன்னு பந்தயக் கமிட்டிக் கூட்டத்துல சண்டை போட்டவன் நான். யாரும் கேக்கல.”

“அப்பறம் ஆருங்க அந்தச் சட்டத்தக் கொண்டுவந்தது?”

அவர் வெள்ளிக் காரைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்க ஊட்டுக்காரருதாம்மா. ‘மூணு வருசமாத் தன்னந்தனியா ஓடிட்டிருக்கறேன், வேணும்னே மெதுவா ஓட்டவும் மனசு வரலீங்க, பக்கத்துல ஒரு கார் சத்தம் கேக்கோணும், என் வண்டிக்கு ஈயம் வெய்யிங்க’ன்னு எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டாரு.”