ஓடும்போது மட்டும்

இருபத்தாறு நாள் மூடிக் கிடந்த ஒர்க்‌ஷாப்பின் ஷட்டரை இன்றுதான் தூக்கினாள் பிரஜிஷா.

தூக்கிய கையோடு ஒரு கார் வந்து நின்றது. கோழிக்கோட்டில் டூரிஸ்ட் பஸ் ஓட்டும் முதலாளி பென்னி. பஸ் எஞ்சினிலிருந்து கழற்றிய, கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரை மேசைமேல் பொத்தென்று வைத்தார்.

"அச்சன் எங்கே மோளே?" அவளுடைய அப்பாவைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வரமாட்டார். என்கிட்ட சொல்லுங்க சேட்டா."

"நாளைக்கு காலேஜ் ட்ரிப். லைட்டும் பாட்டும் பத்தலேன்னா பசங்க அடுத்தவன் பஸ்ஸுக்குப் போயிடுவானுங்க. இங்க ஊர் கிளப் ஜீப்புக்கு உங்க அச்சன் கரண்ட்டைக் கூட்டிக் குடுத்தாராமே? அதேதான் எனக்கும் வேணும்."

அவள் ஸ்பானரால் மூடியைத் திறந்தாள். மூன்று கம்பிச் சுருள்களின் முனைகளும் நடுவில் ஒரே முடிச்சாகச் சேர்ந்திருந்தன. அதை வெட்டி, முக்கோணமாக இணைத்தால் கரண்ட் கூடும். அரைநாள் வேலை.

"அப்படிச் செஞ்சா வண்டி ஓடும்போது மட்டும்தான் கரண்ட் கொட்டும். வண்டி நின்னா, எஞ்சின் ஓடினாலும் ஒண்ணும் வராது. செய்ய மாட்டேன்."

"தெரியலேன்னு சொல்லேன். பிசிக்ஸ் படிச்சா பாடம்தான் நடத்த முடியும்."

அவள் ஸ்பானரால் மூடியைத் திரும்ப மாட்டினாள். பென்னி விடவில்லை.

"நின்னா வராதுன்னா, ஜீப்புக்கு மட்டும் எப்படிச் செஞ்சார்?"

"அந்த ஜீப் ஆம்புலன்ஸா ஓடுது. உள்ளே ஆக்சிஜன் மெஷின் ஓடணும்னு கேட்டாங்க. வழியில எங்கேயும் நிக்காதுன்னு அச்சன் நம்பினார்."

"பின்னே? ஆம்புலன்சுக்கு எவன் வழி விடமாட்டான்?" பென்னி சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். "என் கஷ்டத்தையும் கொஞ்சம் பாரு."

இரவில் எடுத்த வீடியோ. இங்கிருந்து கோழிக்கோட்டுக்கு இறங்கும் மலைப்பாதையின் நாலாம் வளைவில் பஸ் குறுக்காக நிற்கிறது. உடம்பெல்லாம் வண்ண விளக்குகள். நடுரோட்டில் பையன்கள் ஆடுகிறார்கள். பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன், பாட்டில் அமுங்கிப்போகிறது.

"இங்கதான் லைட் மங்குது, பாரு. முக்கால் மணி நேரம் தாங்கலை. மானம் போச்சு."

பிரஜிஷா பஸ்ஸைப் பார்க்கவில்லை. வண்டி வரிசையின் கடைசியில் ஒரு நீல விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. அது மங்கியது. பிறகு இல்லை.

"எப்ப எடுத்தது?"

"போன மாசம், ரெண்டாம் சனி. செம ஆட்டம்."

போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். வீடியோவைப் பின்னால் இழுத்தாள். நீலம் மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

மேசையிலிருந்த ஆல்டர்னேட்டரை ஒரே தள்ளாகக் கீழே தள்ளினாள். பென்னி துள்ளி விலகினார்.

"பைத்தியமா உனக்கு? அச்சனைக் கூப்பிடு. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்!"

அவள் இன்னொரு முறை இழுத்து, நீலம் அணைவதற்கு முன்னால் வீடியோவை நிறுத்தினாள். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். விரல் அந்த நீலப் புள்ளியின்மேல் இருந்தது.

"பேசுங்க. அச்சன் இந்த ஜீப்புக்குள்ளதான் இருக்கார்."