பக்கத்து சீட்டில் ஆபீசர்

"இறுக்கமா இருந்தா சொல்லுங்க சார்" என்று சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, நர்ஸ் வண்டியைக் கிளப்பினாள். ஆபீசர் வாயைத் திறக்கவில்லை. தெருமுனை வரை போய், குப்பைத்தொட்டியை இடிக்காமல் திரும்பி, வீட்டு வாசலில் அழகாகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"என்ன சொல்றார் ஆபீசர்?" என்றான் வாசலில் நின்ற புருஷன். பக்கத்து சீட்டில், அவனுடைய பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆளை நசுக்கும் அளவுக்குப் பெரிய ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் புலி. துள்ளுகிற குழந்தையானாலும் சரி, சீறுகிற பெரிய மனுஷனானாலும் சரி, கண்மூடித் திறப்பதற்குள் ஊசி போட்டுவிடுவாள். ஆனால் பக்கத்தில் ஒரு ஆபீசர் பேனாவோடு உட்கார்ந்துவிட்டால் போச்சு.

முதல் டிரைவிங் டெஸ்ட்டில் 'இறங்குங்க' என்றதும் வண்டியை நிறுத்தாமலே இறங்கிவிட்டாள். அடுத்த டெஸ்ட்டில் கியர் என்று நினைத்து ஆபீசரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்ததுதான் பிடித்தாள், பழக்கதோஷத்தில் நாடியும் பார்த்து, "படபடப்பு ஜாஸ்தியா இருக்கே சார், உப்பைக் குறைங்க" என்று வேறு சொல்லிவைத்தாள்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் பகல் வேலை ஒன்று வந்திருக்கிறது. லைசென்ஸ் இருந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் பழையபடி நைட் டியூட்டி. புருஷன் வீட்டுக்குள் நுழையும்போது அவள் வெளியே கிளம்புவாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நாம வாசப்படியிலதாங்க குடும்பம் நடத்துறோம்" என்று அவள் அழுதேவிட்டாள். அதற்குப் பிறகுதான் புருஷன் பூசணிக்காயோடு வந்தான்.

"ஊசி போடுறப்ப நீ என்ன சொல்லுவே?"

"இங்க பார்க்காதீங்க, எதிர் சுவரைப் பாருங்கன்னு சொல்வேன்."

"அதேதான். ஆபீசர் பக்கம் தலையைத் திருப்பவே திருப்பாத. ரோட்டைப் பாரு. பக்கத்துல இருக்கிறது நம்ம பூசணிக்காய்னு நினைச்சுக்கோ."

"வாய்தவறி ஏதாவது உளறிட்டா?"

"பூசணிக்காய்கிட்ட என்ன வேணா பேசலாம்."

டெஸ்ட் நாளன்று புருஷன்தான் மைதானத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ராசியைக் கெடுப்பானேன் என்று முன் சீட் தொப்பி போட்ட பூசணிக்காய்க்கு, பின் சீட் பெண்டாட்டிக்கு. "மறக்காம அதைத் தூக்கி டிக்கியில வெச்சிடுங்க" என்றாள் அவள். "ம்" என்றான் அவன்.

முன்னால் நின்ற வண்டியின் ஜன்னலில் குனிந்து, தொப்பி போட்ட ஆபீசர் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். நட்டு வைத்த கம்பம் ஒன்று அந்த வண்டியின் பம்பருக்கு அடியில் கிடந்தது. புருஷன் இறங்கியதும் நர்ஸ் பின் சீட்டிலிருந்து இறங்கி டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. எங்கேயோ ஒரு போன் அடித்தது. கதவு படாரென்று மூடியது.

"கிளம்புங்க" என்றது ஒரு கரகரத்த குரல்.

அவள் கண்ணைத் திறந்தாள். முன்னால் நின்ற வண்டி போயிருந்தது; எதிரே அம்புக்குறி போட்ட பாதை. ஓரக்கண்ணில் ஒரு தொப்பி தட்டுப்பட்டதும் பார்வையைச் சட்டென்று ரோட்டுக்கு இழுத்துக்கொண்டாள். "வணக்கம் சார்" என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

வண்டி குலுங்காமல் நகர்ந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

"உங்களைப் பூசணிக்காய்னு நினைச்சுக்கச் சொல்லியிருக்கார் சார் எங்க வீட்டுக்காரர். தப்பா எடுத்துக்காதீங்க."

ஆபீசர் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "போன தடவை வந்த சார் சும்மா தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்தார். உங்களை மாதிரி தங்கமான மனுஷரைப் பார்த்ததே இல்லை சார்."

வளைவில் திரும்பும்போது பக்கத்திலிருந்து மெல்ல ஒரு பாரம் அவள் முழங்கையில் சாய்ந்தது. "உங்களுக்கும் நைட் டியூட்டியா சார்? பரவாயில்லை, நல்லா சாஞ்சுக்கோங்க" என்றாள் பரிவாக. அந்தக் கஷ்டம் அவளுக்குத் தெரியாதா என்ன.

மேட்டில் நிறுத்தி, பின்னால் நழுவாமல் எடுத்தாள். கம்பங்களுக்கு நடுவே ஒன்றைக்கூட உரசாமல் ரிவர்ஸ் வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜனம் மொத்தமும் அவளைப் பார்த்துக் கையை ஆட்டியது. புருஷன் காதில் வைத்திருந்த போனைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தான். பெண்டாட்டி ஜெயிக்கிறாள் என்றால் இந்த மனுஷனுக்கு என்ன சந்தோஷம் பார் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

வெள்ளைக் கோட்டில் சக்கரம் தொட்டும் தொடாமலும் வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். அப்போதும் பக்கவாட்டில் திரும்பவில்லை.

"சார், பாஸ்தானே?"

அவள் பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். இறக்கினாள். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, கையில் பேனாவோடு, மூச்சிரைக்க ஒருவர் நின்றிருந்தார்.

"அம்மா, நான் கிளம்பச் சொன்னது முன்னாடி நின்ன வண்டியை. அந்தப் பூசணிக்காயை எடுத்தீங்கன்னா, நான் உக்காருவேன்."