முளைக்காத புருவம்

"மூணு பாட்டில் தீந்துபோச்சுங்க. எம் புள்ள மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க," என்று புருவம் முளைக்கப் பூசும் சீரத்தின் காலிப் பாட்டிலை மேசைமேல் டொக்கென்று வைத்தாள் தமிழ்ப்ரியாவின் அம்மா. வேலந்தாவளம் சந்தைக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அழகு நிலையம் நடத்தும் சோனாவுக்கு மானமே போயிற்று.

தமிழ்ப்ரியா கண்ணாடி முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நிச்சயம் முடிந்த வாரமே அவள் புருவம் கொட்டத் தொடங்கிவிட்டது. முளைக்கட்டும், அப்புறம் முகூர்த்தம் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சோனா கண்டதையும் விற்கிறவள் அல்ல. கண்ணின் நிறத்தையே மாற்றக்கூடிய சரக்கை ஒதுக்கிவிட்டுப் பக்கவிளைவு குறைந்த பெப்டைடு சீரம்தான் கொடுத்தாள். காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, அரிப்பில்லை என்று தெரிந்த பிறகே புருவத்தில் வைத்தாள். மெதுவாகத்தான் பலன் தெரியும், கண் சிவந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள்.

இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தாள். புருவ மேடு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அலர்ஜியோ என்று பயந்தாள். ஒற்றை முடியாவது நிற்கிறதா என்று பார்க்க, முடி பிடுங்கும் ப்ளக்கரைத் தேடினாள். அது எப்போதோ காணாமல் போனது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"இனிப் பூச வேண்டாங்கம்மா, நிறுத்திரலாம்," என்றாள் சோனா.

தமிழ்ப்ரியா முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "இன்னொரு பாட்டில் குடுங்கக்கா. இன்னுங் கொஞ்ச நாள் பூசிப் பாக்கறேன்."

கல்யாண ஆசை யாரை விட்டது, பாவம் என்று சோனாவின் மனசு இளகியது.

அம்மாவின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பினாள். "மாப்பிள்ளை ஊட்லிருந்துங்க. புருவத்தப் பென்சில்ல வரஞ்சுக்கலாம்னு சொல்லிப்போட்டாங்க. வர்ற மாசமே முகூர்த்தமுங்க."

கடையின் பேர் தப்பித்ததே என்று சோனா பெருமூச்சு விட்டாள். புருஷனுக்குச் செய்தி சொல்ல அம்மா மறுபடி போனோடு வாசலுக்குப் போனாள்.

சோனா பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தமிழ்ப்ரியா கைப்பையைத் திறந்து, கர்சீப்பில் சுற்றியிருந்ததை எடுத்துச் சோனாவின் கையில் வைத்தாள். காணாமல் போன ப்ளக்கர்.

"உங்க மருந்து நல்ல மருந்துதானுங்கக்கா. தெனமும் முளைச்சுதுங்க."