விரலைப் பிடித்த குதிரை

புல் என்று நினைத்துத்தான் விலக்கினாள். அது விரலைப் பிடித்துக்கொண்டது.

கடல்பாசி எடுக்கிற பெண்கள் விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். அவள் விரலில் அந்தத் துணிக்கு மேல் இப்போது இன்னொரு சுற்று.

வால்.

வாலுக்கு மேலே வளைந்த முதுகு. குழல் மூக்கு. தனித்தனியே உருளும் இரண்டு கண்கள். ஒன்று அவளைப் பார்த்தது.

குதிரை. கடல்குதிரை!

கத்த முடியவில்லை. வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். 

மேலே வள்ளத்தில் மதினி காத்திருக்கிறாள். அண்ணன் பெண்டாட்டி நம்புநாயகி. கூடவே இன்னும் நாலு பெண்கள்.

இழுவை வலை வழித்துப் போட்ட இந்த இடத்தைச் சுற்றிக் கொடி நட்டது, முங்கியிருக்கும் இவள். கடல்புல் தழைக்கிறவரை இங்கே யாரும் பாசி எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியதும் இவள்தான். புல் வந்தால் குதிரை வரும், குதிரை வந்தால் இடம் பிழைத்துவிட்டது என்று அர்த்தம் என்று அன்றைக்கு வாய்கிழியப் பேசியிருந்தாள்.

புல் வந்தது. பாசியும் மண்டிவிட்டது. குதிரையைத்தான் காணோம்.

“குதிரையும் வல்ல, கழுதையும் வல்ல. நாளைலேருந்து நாங்க எறங்கத்தான் போறோம்” என்று சற்றுமுன் மதினி முடித்துவிட்டாள்.

“ஒரே ஒரு முங்கு, மதினி” என்று சொல்லிக்கொண்டே இவள் குதித்திருந்தாள்.

இப்போது விரலில் குதிரை.

அப்படியே கையை உயர்த்திக்கொண்டு மேலே போனால் போதும். எல்லாரும் பார்ப்பார்கள். மதினி வாயடைத்துப் போவாள். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

காலை உந்தப் போனவள், அதன் வயிற்றைப் பார்த்தாள்.

உப்பியிருந்தது.

கடல்குதிரையில் ஆண்தான் சுமக்கும். இது நிறைமாதம். இதையா காற்றில் தூக்கிக் காட்டுவது?

விட்டுவிட்டுப் போய்ச் சொன்னால் மதினி நம்ப மாட்டாள். இடத்தைக் காப்பாற்றப் புளுகுகிறாய் என்பாள்.

மூச்சு குறைந்துகொண்டே வந்தது.

பக்கத்தில் நங்கூரக் கயிறு. முங்கியவள் அதை விடாமல் சுண்டிச் சுண்டி இழுத்தால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். விளையாட்டுக்குக்கூட யாரும் அதைத் தொடுவதில்லை.

இழுத்தாள்.

தலைக்கு மேல் தண்ணீர் உடைந்தது. மதினி கையில் கத்தியோடு பாய்ந்து வந்தாள். இவள் கால் எங்கே சிக்கியிருக்கிறது என்று தடவினாள். அவள் மதினியின் தோளை உலுக்கி, விரலைக் காட்டினாள்.

மதினி பார்த்தாள்.

கத்தி பிடித்த கை அப்படியே நின்றது.

குதிரை ஒருமுறை முன்னால் மடங்கி நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது. வயிற்றுப் பை திறந்து, சீரகத்தை அள்ளி வீசியது போல் என்னவோ தண்ணீரில் சிதறியது.

ஒவ்வொரு சீரகத்துக்கும் ஒரு குட்டித் தலை. ஒரு குட்டி வால்.

இன்னும். இன்னும். மதினியின் முங்குக் கண்ணாடியில் வந்து மோதின. துணி சுற்றிய விரல்களுக்கிடையே புகுந்து போயின. இவ்வளவு சந்தோஷத்தை மூச்சுப் பிடித்துக்கொண்டு தாங்க முடியாது போலிருந்தது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன.

மதினி கத்தியை இடுப்பில் செருகினாள். ஒரு புல்லை மெல்ல வளைத்து, விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். வால் யோசித்தது. பிறகு ஒவ்வொரு சுற்றாகப் புல்லுக்கு மாறியது.

இரண்டு பேரும் மேலே பாய்ந்தார்கள்.

காற்று!

வள்ளத்தில் ஒரே கூச்சல். “என்னாச்சு? என்னாடி ஆச்சு?”

அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லப் போனாள். வாயைத் திறந்தும்விட்டாள். தண்ணீருக்கடியில் மதினியின் கை அவள் தொடையைப் பிடித்துத் திருகியது. உயிர் போகிற கிள்ளு.

“திருக்கை” என்றாள் மதினி, மூச்சு வாங்க. “அடி முழுக்கத் திருக்கை. குட்டியும் குறுமானுமா மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடக்கு. நல்லவேள, முள்ளு இவ கால்ல ஏறல.”

விளிம்பில் காலைத் தொங்கப் போட்டிருந்த பெண் வெடுக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு உறைத்தது. காயவைத்த கடல்குதிரையைத் திருட்டுத்தனமாக வாங்குகிறவன் கரையில் வலை வலையாக எட்டிப் பார்த்துக்கொண்டு அலைகிறான். வள்ளத்தில் ஆறு வாய். அந்தி சாய்வதற்குள் விஷயம் அவன் காதுக்குப் போய்விடும்.

வள்ளத்தில் ஏறி இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. இருமுவது போல் நடித்தாள். மதினி முதுகைத் தட்டிக் கொடுத்தாள், கொஞ்சம் பலமாகவே.

“அப்ப நாளைக்கு எறங்க முடியாதா, அக்கா?” என்றாள் ஒருத்தி. “அதுக எப்பத்தான் இந்த எடத்த விட்டுப் போகும்?”

மதினி கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த பிறகும் கண் நனைந்துதான் இருந்தது.

“எங்கடி போகும்? அதுகளுக்கு இதுதான வீடு.”