வீட்டு செக்ரோல்

“மலையில ஒரு நாளும் அரைப்பேரு வாங்காதவ நான். எனக்கு வீட்டுல அரைப்பேரா?”

நாகலெட்சுமி எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு, துணிமூட்டையோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். இனி வலப்பனையில் இருக்கும் அக்காள் வீடுதான் என்று முடிவு கட்டியாகிவிட்டது.

அவள் புருசன் செல்லசாமி அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் ஓர் அதட்டல் போட்டால், அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். வெளியிலே புலி, வீட்டிலே எலி என்பார்களே, அந்த ரகம்.

“நாகு, அது வந்து…”

“ஒண்ணும் வர வேணாம். தலைவரு வரட்டும்!”

தலைவர் வந்தார். பொன்னையா, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். வெள்ளைக்காரத் துரையையே ஒருமுறை மழையில் நிற்க வைத்துப் பேசியவர். புருசன் பெண்சாதி சண்டைக்கெல்லாம் அவரைக் கூப்பிடுவது வழக்கமில்லைதான். ஆனால் இது பேர் வெட்டிய, அதாவது நாள்கூலியைக் குறைத்த விவகாரம் ஆயிற்றே, அவரிடம் போகாமல் வேறு யாரிடம் போவது?

விஷயம் இதுதான். நோர்வூட் கடைவீதியில் கடை வைத்திருக்கும் மக்பூல் நானா வருசம் பிறந்தால் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு டயரி கொடுப்பார். செல்லசாமி தினமும் சோறு தின்றதும் அதில் என்னமோ எழுதுவார். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய டயரி ஒன்றை எடுத்துப் புரட்டித் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். அப்படி என்னதான் சிரிப்பு என்று நாகலெட்சுமிக்கு வெகுநாளாக ஒரு குடைச்சல்.

தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்க இன்று பெட்டியை இறக்கினாள். திறந்தும் பார்த்துவிட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நாள் வேலையைப் பதிகிற செக்ரோல் ஏட்டின் அடையாளம் தெரியாத கொழுந்துக்காரி எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள்? நெட்டைக் கோடு விழுந்தால் முழுநாள் சம்பளம், முழுப்பேர். பாதிக் கோடு அரைப்பேர். சுழி விழுந்தால் அன்றைக்குப் பேரே கிடையாது. டயரி நெடுக அதே கோடும் சுழியும்தான்.

“பாருங்க தலைவரே! ஆக்கிப் போட்டு, தொவச்சிப் போட்டு, அதுக்கு இந்த மனுசன் எனக்குப் பேரு போட்டு வச்சிருக்காரு!”

பொன்னையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “மழை, சுழி. பனி, அரைப்பேரு. காத்து, சுழி.” அதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. “என்னா கணக்கப்புள்ள இது?”

“தலைவரே, நான் என்னா சொல்ல வர்றேன்னா…”

“அவரு என்னா சொல்றது, நான் சொல்றேன்! போன தீவாளிக்கு விடிய விடிய முறுக்கு சுட்டேன். அன்னிக்கி என்னா விழுந்திருக்குன்னு பாருங்க.”

பொன்னையா பார்த்தார். “சுழி,” என்றார் மெதுவாக.

நாகலெட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தைவிட அந்தச் சுழிதான் அவளுக்கு வலித்தது. முறுக்கை நாலு நாலாக எடுத்துத் தின்றவர் கையல்லவா அதைப் போட்டிருக்கிறது!

பொன்னையா தாளைப் புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். “இந்தா, தை மாசத்துல ஒரு வாரம் பூரா முழுப்பேரு விழுந்திருக்கே!” அந்தப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிக் கிடந்தன.

“பொங்கல் கழிஞ்சா? அப்ப நான் தொண்டை கட்டிப்போயி, கம்பளியப் போத்திக்கிட்டுக் கெடந்தேன் தலைவரே! கஞ்சி காச்சினதுகூட அவருதான்.”

பொன்னையாவுக்குத் தலை சுற்றியது. “ஒழைச்ச நாளுக்குச் சுழி, படுத்துக் கெடந்த நாளுக்கு முழுப்பேரா? தொரைமாரு கணக்குலகூட இப்பிடி ஒரு கூத்த நான் பாத்ததில்ல!”

“இன்னுமா வெளங்கல? நான் கைய கால அசைக்காம இருந்தாத்தான் இவருக்குப் புடிக்குது. நான் ஆக்குற சோறு எறங்கல. நான் கெளம்புறேன்.” மூட்டையைத் தூக்கிவிட்டாள்.

செல்லசாமி பதறி எழுந்தார். “நாகு, நான்…”

“நீங்க பேசாதீங்க!”

“ஒக்காருங்க தங்கச்சி,” என்றார் பொன்னையா. “தொரையா இருந்தாலும் ரெண்டு பக்கமும் கேக்கணும், அதுதான் சங்கத்து மொற. அவரு சொல்லி முடிக்கிற மட்டும் நீங்க வாயத் தொறக்கப்படாது.”

நாகலெட்சுமி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தகரக் கூரையில் மழை சொட்டுவது கேட்டது. செல்லசாமி அவளைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். தன் முறை வந்துவிட்டது என்பதையே அவரால் நம்ப முடியவில்லை.

“அது ஒனக்குப் போட்ட பேரு இல்ல புள்ள. எனக்கு நானே போட்டுக்கிட்டது.”

“ஒங்களுக்கா? வீட்டுல நீங்க என்னா வேல…”

பொன்னையா கையை உயர்த்தினார். அவள் மறுபடி முந்தானையைக் கடித்தாள்.

“வாயே தொறக்க முடியாத நாளு சுழி, நீ பாதியில வெட்டுன நாளு அரைப்பேரு, ஆரம்பிச்ச பேச்ச நான் சொல்லி முடிச்ச நாளு, இன்னிக்கி மாதிரி, முழுப்பேரு!”