கூப்பிடாத தெரு

விரலில் மாட்டியிருந்த ஸ்கேனர் 'கிக்' என்றது. பெட்டியை நீட்டினேன். பார்சல் வண்டிக்குள் நின்ற அண்ணன் வாங்கிக்கொண்டான்.

இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நேற்று வரை இப்படி இல்லை. பின்கதவில் நிற்பவன் லேபிளைப் படித்துத் தெருப் பெயரைக் கூப்பிட வேண்டும். உள்ளே நிற்பவன் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பெட்டியை அந்தத் தெருவுக்கான தட்டில் அடுக்க வேண்டும்.

"பழைய பாலம்" என்பேன். "பழைய பாலம்" என்பான்.

"பள்ளிக்கூட ரோடு."

"பள்ளிக்கூட ரோடு."

அண்ணனும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் அவ்வளவுதான். ஒருநாள் அம்மா அண்ணியை ஏதோ சொல்ல, நான் அம்மா பக்கம் நின்று பேச, அன்று மாலையே அண்ணன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அதன் பிறகு எங்களுக்குள் மிஞ்சியது தெருப் பெயர்கள் மட்டும்.

அதிலும் ஒரு தெருவை நான் கூப்பிடுவதில்லை. தண்ணீர்த்தொட்டித் தெரு. அம்மாவும் நானும் இருக்கும் தெரு. சண்டைக்குப் பிறகு முதல் தடவை அந்த லேபிள் வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைச் சும்மா நீட்டினேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு இடது கீழ்த்தட்டில், சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தான்.

அன்றிலிருந்து, நான் பேசாமல் நீட்டினால் அது எங்கள் தெரு.

இப்போது நான் பெட்டியை ஸ்கேன் செய்தால் போதும், அண்ணனின் மணிக்கட்டில் இருக்கும் சின்னத் திரையில் தட்டு எண் வந்துவிடுகிறது. வைத்ததும் தட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அவன் ஸ்கேன் செய்ய வேண்டும். சரியான தட்டு என்றால் பச்சை விளக்கு. தப்பான தட்டு என்றால் ஷெட் முழுக்கக் கேட்கும்படி அலறும்.

மாலை வகுப்புக்குப் போகிறவன் என்பதால் எல்லாருக்கும் நான்தான் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் மட்டும் அடுத்த வண்டியில் ஏற்றுகிறவனிடம், ஓயாமல் பேசுவதால் நாங்கள் 'ரேடியோ' என்று கூப்பிடுபவனிடம், போய்க் கேட்டுக்கொண்டான். ரேடியோவுக்கும் தெரியாது. அவன் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போய் அண்ணனுக்குச் சொன்னான்.

அதே ரேடியோதான் காலையில் சத்தமாகச் சொன்னான்: "உங்க ரெண்டு பேருக்காகவே இந்த மெஷினைக் கண்டுபுடிச்சிருக்கான்பா. இனிமே அந்த வாயையும் பூட்டி வச்சுடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

காலையிலிருந்து எல்லாப் பெட்டியையும் பேசாமல்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலுள்ள பார்சலெல்லாம் எங்கள் தெருவுக்கே போவது போல இருந்தது.

இனி ஒரு வண்டிக்கு ஓர் ஆள் போதுமாம். அண்ணனுக்கு நாளை முதல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷெட்டில் வேலை. ஆக, நாங்கள் சேர்ந்து ஏற்றும் கடைசி வண்டி இது.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். பெரியவன் பக்கத்தில் இல்லாமல் கட்டிலில் ஏற மாட்டேன் என்கிறாள். நீயே அவனிடம் போனில் சொல்லேன் என்றால் அதற்கும் ஒப்பவில்லை. "போன்ல சொன்னா வீம்பு பண்ணுவான். நேருக்கு நேரா நீ சொல்லு. உன் மூஞ்சியப் பாத்தா எறங்கி வந்துருவான்."

என் முகத்தின் மீது அம்மாவுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை.

'அண்ணே' என்று தொடங்குவதா, நேரே 'அம்மாவுக்கு' என்று தொடங்குவதா என்று யோசிப்பதற்குள் பாதி வண்டி நிறைந்துவிட்டது. 'அண்ணே' என்று தொடங்கலாம் என்று முடிவு செய்தபோது வண்டியில் வலது பக்கம் மட்டும்தான் கொஞ்சம் இடம் இருந்தது. முன்பென்றால் தெருப் பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சொல்லும் வெளியே வந்திருக்குமோ என்னவோ. இன்று வாய் காலையிலிருந்து மூடியே கிடந்தது.

கடைசிப் பெட்டி.

லேபிளைப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். ஸ்கேன் செய்தேன்.

அண்ணன் கையை நீட்டினான். கொடுத்தேன். ஆனால் என் பிடியை விடவில்லை.

"தண்ணித்தொட்டித் தெரு" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். மணிக்கட்டைப் பார்க்கவில்லை. லேபிளையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"தண்ணித்தொட்டித் தெரு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னான்.

பெட்டியோடு திரும்பி, இடது பக்கம் குனிந்து, கீழ்த்தட்டில் இருந்தவற்றை நெருக்கித் தள்ளி இடம் செய்து வைத்தான். ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தான்.

மெஷின் அலறியது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யாருய்யா அது? மொத நாளே எதுக்கு இந்தக் கூத்து?"

அண்ணன் அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தான். பெட்டியை வெளியே எடுத்து லேபிளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வரிதான் அது. அதைப் படிக்க அவ்வளவு நேரம் வேண்டாம்.

"தம்பி தெருவ மாத்திச் சொல்லிட்டான் சார்" என்றான்.

பெட்டியை வலது மேல்தட்டுக்கு மாற்றினான். பச்சை விளக்கு எரிந்தது. குதித்து இறங்கி, மணிக்கட்டிலிருந்து கருவியைக் கழற்றி ரேடியோவின் கையில் கொடுத்தான். வாசலுக்குப் போகும்முன் ஒருமுறை நின்றான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளும் நேரம் வரைக்கும். 'அண்ணே' அப்போதும் என் வாய்க்குள்ளேயே இருந்தது.

லேபிளில் மருந்துக்கடைத் தெரு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைத்தான் நான் இரண்டு தடவையும் படித்திருந்தேன்.

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

சூப்பர்வைசரிடம்.